ஸ்டூடியோ ஆல்பம் என்றால் என்ன? வில்லி நெல்சனின் 33 நிமிடங்கள்

வில்லி நெல்சனின் ஆல்பம் ஒன்றை முதல் தடவை கேட்டபோது எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. போனில் ஷஃபிள், அதாவது பாட்டுகளை வரிசை கலைத்துப் போடும் வசதி, போட்டு வைத்திருந்தேன். போதகர் ஒருவர் டென்வர் நகரத்து மதுக்கடையில் ஒரு பெண்ணோடு நடனம் ஆடினார். அடுத்தது, அரை நிமிடம்கூட இல்லை, யாரோ இரண்டு மூன்று வரி முணுமுணுத்துவிட்டு ஓய்ந்தார். பிறகு தேவாலயத்துப் பியானோ. அதன்பிறகுதான் அதே போதகரின் மனைவி அவரை விட்டுப் போனாள். மொத்தம் 15 துண்டுகள், அவற்றில் பாதி இரண்டு நிமிடம்கூட ஓடவில்லை. "இதைப் போய் ஏன் எல்லாரும் கொண்டாடுகிறார்கள்?" என்று மூடி வைத்துவிட்டேன்.

தப்பு என் பக்கம். நான் பாட்டுகளைக் கேட்டேன், ஆல்பத்தைக் கேட்கவில்லை. இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதை அந்த ஆல்பத்தை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். பெயர் 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்', அதாவது செம்பட்டைத் தலை அந்நியன். பாடியவர் டெக்சஸ் மாநிலத்துக்காரர் வில்லி நெல்சன். வெளிவந்தது 1975 மே மாதம்.

'ஆல்பம்' என்றதும் நமக்குச் சினிமாப் பாட்டுகளின் தொகுப்புதான் நினைவுக்கு வரும். அங்கே கதை முன்னால் போகும், பாட்டு பின்னால் வரும். அமெரிக்கப் பாடகர்களின் ஆல்பம் அப்படி இல்லை. படம் கிடையாது, இயக்குநர் கிடையாது. இத்தனை பாட்டு, இந்த வரிசை, இந்த வாத்தியங்கள் என்று யாரோ உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அந்த முடிவுகளின் மொத்தம்தான் ஆல்பம்.

சொல்லின் பிறப்பு சுவாரசியமானது. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றிய பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். நீளமான இசை என்றால் நாலைந்து தட்டுகள் வேண்டும். அவற்றைப் போட்டோ ஆல்பம் மாதிரி உறைகள் தைத்த அட்டைப் புத்தகத்தில் செருகி விற்றார்கள். அந்தப் புத்தகத்துக்குத்தான் ஆல்பம் என்று பெயர். 1948-ல் கொலம்பியா கம்பெனி நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்பி தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கொண்டது. புத்தகம் போய்விட்டது, பெயர் ஒட்டிக்கொண்டது.

'ஸ்டூடியோ' என்ற முன்னொட்டு எதற்கு? மேடையில் பாடியதை அப்படியே பதிந்தால் அது லைவ் ஆல்பம். சுருதி பிசகினால் பிசகினதுதான். ஏற்கெனவே வந்த பாட்டுகளைப் பொறுக்கிச் சேர்த்தால் அது தொகுப்பு. படத்துக்காகச் செய்தால் சவுண்ட் டிராக். ஒரு ஆல்பத்துக்காகவே, சத்தம் அடைத்த அறையில், 'இன்னொரு டேக் போகலாம்' என்று சொல்லும் வசதியோடு பதிந்தால் அது ஸ்டூடியோ ஆல்பம். அந்த வசதிதான் இங்கே முக்கியம். திரும்பப் பாடலாம், வெட்டி ஒட்டலாம். ஒவ்வொரு வாத்தியத்தையும் நாடாவில் தனித்தனிப் பாதையில், அதாவது டிராக்கில், பதிந்துகொண்டு நாளைக்கு அதன்மேல் வயலின் சேர்க்கலாம், அடுத்த வாரம் கோரஸ் சேர்க்கலாம். ஆகவே ஸ்டூடியோ ஆல்பத்தில் நம் காதில் விழும் ஒவ்வொன்றும் யாரோ வேண்டும் என்று வைத்தது. விழாத ஒவ்வொன்றும் யாரோ வேண்டாம் என்று விட்டது.

வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு? நெல்சனின் கதையே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கன்ட்ரி இசையை 'நாட்டுப்புறப் பாடல்' என்று மொழிபெயர்த்தால் பாதிதான் சரி. வேர் கிராமத்தில் இருந்தாலும் அது ஆரம்பத்திலிருந்தே ரெக்கார்டு கம்பெனிகளோடு வளர்ந்த வணிக இசை. அதன் தலைநகரம் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில். 1950-களின் பின்பாதியில் ராக் அண்ட் ரோல் வந்து விற்பனையைத் தின்னத் தொடங்கியதும், நாஷ்வில்லின் தயாரிப்பாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆர்சிஏ கம்பெனியில் செட் அட்கின்ஸ், டெக்கா கம்பெனியில் ஓவன் பிராட்லி. பட்டிக்காட்டு ஃபிடிலையும் மூக்கால் பாடுவதையும் குறைத்து, வயலின் கூட்டத்தையும் பின்னணிக் குரல்களையும் கூட்டி, நகரத்துக்காரர்களும் வாங்கும்படி வழவழப்பாக்கினார்கள். 'நாஷ்வில் சவுண்ட்' என்று பெயரே வந்தது. வேலை தொழிற்சாலை ஒழுங்கில் நடக்கும். ஷிப்ட் மூன்று மணி நேரம், அதற்குள் மூன்று நான்கு பாட்டு. வாசிப்பவர்கள் ஊரின் தலைசிறந்த செஷன் கலைஞர்கள், அதாவது யார் பாடினாலும் கூலிக்கு வந்து வாசிக்கிறவர்கள். பாடகரின் சொந்தக் குழு பெரும்பாலும் வெளியில்தான் நிற்கும்.

அதைக் கிண்டல் செய்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பாட்ஸி கிளைன் 1961-ல் பாடிய 'கிரேஸி' அந்த முறையில் பிராட்லி தயாரித்ததுதான். இன்றைக்குக் கேட்டாலும் ஒரு குறை சொல்ல முடியாது. அதை எழுதியவர் யார் தெரியுமா? இதே வில்லி நெல்சன்.

பாட்டு எழுதுகிறவராக நாஷ்வில் அவரைத் தலையில் வைத்துக்கொண்டது. பாடகராக வைத்துக்கொள்ள அதற்குத் தெரியவில்லை. 1960-களின் நடுவிலிருந்து ஆர்சிஏவில் ஆல்பத்துக்குமேல் ஆல்பமாகப் பாடினார், பெரிதாக எதுவும் ஓடவில்லை. காரணம் அவர் பாடும் விதம். தாளம் விழும் இடத்தில் சொல் விழாது. கொஞ்சம் பிந்தி வரும், சில நேரம் முந்தி ஓடும், பேசுகிற மாதிரி இருக்கும், கடைசியில் எப்படியோ சரியாக வந்து சேரும். இந்த நடைக்குக் காலியிடம் வேண்டும். இடமே விடாமல் வயலினும் கோரஸும் நிரப்பியிருந்தால், அந்தக் குரல் நெரிசலான பஸ்ஸில் ஒற்றைக் காலில் நிற்கிறவனைப் போலத்தான் ஒலிக்கும்.

1970 டிசம்பரில் நாஷ்வில் அருகே அவர் வீடு தீப்பிடித்து எரிந்தது. எரிகிற வீட்டுக்குள் ஓடி அவர் எடுத்துவந்தவற்றில் ஒன்று கிட்டார். 1969-ல் 750 டாலருக்கு வாங்கிய மார்ட்டின் கம்பெனிக் கிட்டார், பெயர் 'டிரிகர்'. சினிமா கௌபாய் ராய் ராஜர்ஸின் குதிரைக்கு இருந்த பெயர் அது. நைலான் தந்தி போட்ட இந்த வகைக் கிட்டாரை விரலால்தான் மீட்ட வேண்டும். நெல்சன் பிக் என்ற சின்னத் தகடு வைத்து அடிப்பார். அடித்து அடித்து மரம் தேய்ந்து, ஒலித்துளைக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. ஆனால் அதன் கனத்த, கொஞ்சம் ஸ்பானிய வாசனை அடிக்கிற நாதத்தை ஒருமுறை கேட்டால் பிறகு எங்கே கேட்டாலும் அடையாளம் தெரியும்.

தீ விபத்துக்குப் பிறகு டெக்சஸுக்குப் போனவர், 1972 வாக்கில் ஆஸ்டின் நகரத்தில் குடியேறினார். அங்கே கன்ட்ரி கேட்கும் விவசாயியும் முடி வளர்த்த கல்லூரிப் பையனும் ஒரே அரங்கில் பீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நெல்சனும் முடி வளர்த்தார். அட்லாண்டிக் கம்பெனிக்கு இரண்டு நல்ல ஆல்பங்கள் செய்தார். அந்தக் கம்பெனி தன் கன்ட்ரி பிரிவையே மூடியதும் கொலம்பியாவுக்கு வந்தார். அந்த ஒப்பந்தத்தில் அவர் வாங்கிக்கொண்ட ஒரு ஷரத்துதான் நமக்கு வேண்டியது: ஆல்பம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் கடைசி வார்த்தை அவருடையது.

உரிமை கையில் வந்தாயிற்று. என்ன செய்வது? கொலராடோவிலிருந்து ஆஸ்டினுக்குக் காரில் திரும்பும் வழியில் பேச்சு இதைப் பற்றி வந்தபோது, மனைவி கோனி ஒரு பழைய பாட்டை நினைவூட்டினாராம். வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரத்தைச் சேர்ந்த ஈடித் லிண்டமன், கார்ல் ஸ்டட்ஸ் இருவரும் எழுதிய 'ரெட் ஹெடட் ஸ்ட்ரேஞ்சர்'. நெல்சன் ரேடியோ அறிவிப்பாளராக இருந்த காலத்தில் ஒலிபரப்பிய பாட்டு, வீட்டில் பிள்ளைகளைத் தூங்கவைக்கப் பாடிய பாட்டு. (கதையைக் கேட்டால், தூங்கவைக்க இதுவா கிடைத்தது என்று தோன்றும்.) கருப்புக் குதிரையில் ஒரு செம்பட்டைத் தலையன் ஊருக்குள் வருகிறான். பின்னால் இறந்துபோன மனைவியின் பழுப்பு நிறக் குதிரை நடந்து வருகிறது. ஒருத்தி ஆசைப்பட்டு அந்தப் பழுப்புக் குதிரையைப் பிடிக்கிறாள். சுட்டுவிடுகிறான். குதிரை திருட வந்தவளைக் கொன்றதற்குத் தூக்குத் தண்டனை கிடையாது என்று அவனை விட்டுவிடுகிறார்கள்.

நெல்சன் கேட்டுக்கொண்டது ஒரே கேள்வி. இவன் யார், இந்த ஊருக்கு வருமுன் இவனுக்கு என்ன நடந்தது, இதற்குப் பிறகு எங்கே போவான்? அதற்குப் பதிலாகச் சில பாட்டுகளைத் தானே எழுதினார். மற்ற இடங்களுக்கு அடுத்தவர்களின் பழைய பாட்டுகளை எடுத்துப் பொருத்தினார். ஒரே கதையையோ எண்ணத்தையோ தொடக்கத்திலிருந்து கடைசிவரை சுமந்து போகிற இப்படிப்பட்ட ஆல்பத்தைக் கான்செப்ட் ஆல்பம் என்பார்கள்.

பதிவு 1975 ஜனவரியில், டல்லஸ் பக்கத்திலுள்ள கார்லண்ட் ஊரின் ஆட்டம் சவுண்ட் ஸ்டூடியோவில். நாஷ்வில் இல்லை, செஷன் கலைஞர்கள் இல்லை. தினமும் கூட ஊர் சுற்றுகிற குழுதான். பியானோவில் நெல்சனின் அக்கா பாபி, ஹார்மோனிகாவில் மிக்கி ரஃபேல், டிரம்ஸில் பால் இங்கிலிஷ், பேஸ் கிட்டாரில் பீ ஸ்பியர்ஸ். சில நாட்களில் வேலை முடிந்தது. செலவு 4,000 டாலர் வாக்கில் என்றே வழக்கமாகச் சொல்வார்கள். ஆளும் கருவியும் அங்கேயே இருந்தும் பல இடங்களில் கிட்டாரும் குரலும் மட்டும்தான். டிரம்ஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று கவனித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது வரிசைப்படி கேட்போம். முதல் பாட்டு 'டைம் ஆஃப் தி பிரீச்சர்'. வருடம் 1901. நெல்சனின் கதையில் அந்தச் செம்பட்டைத் தலையன் ஒரு போதகர். அவர் மனைவி பழைய காதலனோடு போய்விடுகிறாள். இந்த மெட்டு ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இன்னும் இரண்டு முறை சின்னச் சின்னத் துண்டாகத் திரும்பி வரும். பல்லவி சரணங்களுக்கு நடுவே வருவதுபோல, இது பாட்டுகளுக்கு நடுவே வருகிற பல்லவி. ஷஃபிளில் எனக்கு முணுமுணுப்பாகக் கேட்டது இதுதான்.

நாலாவது துண்டில் போதகர் மாண்டானாவின் புளூ ராக் ஊரில் அவர்களைக் கண்டுபிடிக்கிறார். ஒதுக்குப்புறமான சின்ன மதுக்கடை. அவர் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். முகத்தில் சிரிப்போடே செத்துப்போகிறார்கள். துப்பாக்கி என்ற சொல்கூட வராது. குரல் ஏறாது. ஒன்றரை நிமிடம் சொச்சத்தில் கொலை முடிந்துவிடும்.

உடனே அடுத்த பாட்டு: 'புளூ ஐஸ் கிரையிங் இன் தி ரெயின்'. இதை ஃபிரெட் ரோஸ் 1940-களில் எழுதினார், ராய் அகஃப் பாடிப் பிரபலப்படுத்தினார். பிரிந்துபோன காதலியின் மழையில் நனைந்த நீலக்கண்களை நினைத்து ஏங்கும் ஒருவன், கடைசியில் மறுமையில் சந்திப்போம் என்கிறான். ரேடியோவில் தனியாகக் கேட்டால் இதமான சோகப் பாட்டு. ஆல்பத்தில் இதைப் பாடுகிறவன், அந்தக் கண்களைச் சற்றுமுன் தானே மூடவைத்தவன். கதைக்காகப் பாட்டைத் திருத்தி எழுதவில்லை. முப்பது வருடப் பழைய பாட்டை எடுத்து ஒரு கொலைக்கு அடுத்தாற்போல் வைத்தார், அவ்வளவுதான். வரிசை என்பதும் ஒரு வாத்தியம் என்று எனக்கு உறைத்தது இங்கேதான்.

முதல் பக்கம் 'ஜஸ்ட் ஆஸ் ஐ ஆம்' என்ற ஞானப்பாட்டோடு முடிகிறது. 1835-ல் இங்கிலாந்தில் சார்லட் எலியட் எழுதியது. அமெரிக்கத் தென் மாநிலத் தேவாலயங்களில் ஆராதனை முடிவில், மனந்திரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று அழைக்கும்போது பாடுவார்கள். பிரசங்கி பில்லி கிரகாமின் கூட்டங்களிலும் இதைத்தான் பாடினார்கள். 'பாவியாகவே, இருக்கிறபடியே வருகிறேன்' என்பது சாரம். நெல்சன் இதைப் பாடுவதில்லை. சொற்கள் இல்லாமல் அக்கா பாபியின் பியானோ மட்டும் முன்னால் வருகிறது. கேட்கிறவர்களுக்குச் சொற்கள் மனப்பாடம். மனைவி, அவள் காதலன், குதிரையைப் பிடித்தவள் என்று மூன்று பேரைக் கொன்ற போதகர் வாய் திறக்க முடியாமல் பலிபீடத்துக்கு முன்னால் நிற்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும். அத்தோடு முள் தூக்கிக்கொள்ளும். எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியும் கதையில் சேர்த்திதான். போனில் கேட்கிறவர்களுக்கு அது கிடைக்காது. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டு ஒரு காபி போட்டுக்கொண்டு வருவேன்.

இரண்டாம் பக்கம் 'டென்வர்' என்ற, ஒரு நிமிடம்கூட இல்லாத துண்டோடு திறக்கிறது. வைரம் மாதிரி மின்னுகிற நகரம். எங்கிருந்து வந்தாய் என்று யாரும் கேட்பதில்லை. ஒதுக்குப்புறமான சின்ன மதுக்கடை. அவர் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். முகத்தில் சிரிப்போடு நடனம் ஆடுகிறார்கள். கவனித்தீர்களா? கொலை நடந்த பாட்டின் அதே வரிகள். 'செத்தார்கள்' இருந்த இடத்தில் 'ஆடினார்கள்', அவ்வளவுதான் மாற்றம். அங்கே சிரித்தது மனைவியும் அவள் காதலனும். இங்கே சிரிப்பது போதகரும் ஒரு புதுப் பெண்ணும். முதலில் டென்வரைக் கேட்டுவிட்டுப் பிறகு புளூ ராக்குக்குப் போன என்னைப் போன்றவருக்கு இது எப்படிப் பிடிபடும்?

அந்த நடனத்துக்கு இரண்டு வாத்திய இசைத் துண்டுகள் வருகின்றன. அதில் ஒன்று மெக்ஸிக்கோவின் ஹூவென்டினோ ரோசாஸ் இயற்றிய பழைய வால்ட்ஸ். அதன்பிறகு ஆல்பம் நிதானமாகிவிடுகிறது. ஹாங்க் காக்ரனின் பாட்டு ஒன்று, ஸ்காட்டி வைஸ்மனின் பாட்டு ஒன்று, பில் கேலரியின் 'ஹேண்ட்ஸ் ஆன் தி வீல்'. பாட்டுகள் நீளமாகின்றன, சம்பவங்கள் நின்றுபோகின்றன. வயதாகி, ஒரு பெண்ணின் அன்பில் ஓய்வு கண்டவனின் குரல். உண்மையைச் சொன்னால், இந்தப் பக்கம் முதல் பக்கத்தின் அளவுக்கு இறுக்கமாக இல்லை. இன்னொன்றும் உறுத்துகிறது. செத்த பெண்கள் இருவருக்காகவும் இந்தக் கதையில் யாரும் நியாயம் கேட்பதில்லை. கொன்றவனுக்குத்தான் துக்கமும் மீட்சியும் கிடைக்கின்றன. கௌபாய் கதைகளின் பழைய வியாதி. ஆல்பம் பிடித்திருக்கிறது என்பதற்காக அதைக் கண்டுகொள்ளாமல் போக முடியவில்லை.

முடிந்த நாடாவைக் கேட்ட கொலம்பியா அதிகாரிகள் இது டெமோ என்று நினைத்தார்கள். டெமோ என்பது மெட்டு எப்படிப் போகும் என்று காட்டுவதற்கான மாதிரிப் பதிவு. இதன்மேல்தானே வயலினும் கோரஸும் ஏற்ற வேண்டும், அது எப்போது? ஏற்றப் போவதில்லை, இதுதான் ஆல்பம் என்றபோது அவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. அவர்களை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. நாஷ்வில் ஆல்பங்களில் பழகிய காதுக்கு இது சுவர் எழுப்பாமல் தூண் மட்டும் நிறுத்தின வீடாகத்தான் கேட்டிருக்கும். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இருந்தது. மேலே எதையும் சேர்க்காமல் அப்படியே வெளியிட்டார்கள்.

'புளூ ஐஸ்' அந்த வருடம் அக்டோபரில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அப்போது நெல்சனுக்கு 42 வயது. பாடகராக அவருக்குக் கிடைத்த முதல் நம்பர் ஒன் அது, கிராமி விருதும் வாங்கித் தந்தது. ஆல்பமும் கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது. பின்னாளில் இருமடங்கு பிளாட்டினம், அதாவது அமெரிக்காவில் மட்டும் 20 லட்சம் பிரதிகள். அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டின் 2009-ம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. நெல்சன், வேலன் ஜென்னிங்ஸ் போன்றவர்கள் நாஷ்வில்லின் சொல்படி நடக்காமல் செய்த இசைக்கு 'அவுட்லா கன்ட்ரி', அதாவது சட்டத்துக்கு அடங்காதவர்களின் கன்ட்ரி, என்று பெயர் விழுந்தது. சில வருடங்களில் அந்தப் பெயரையும் விளம்பரமாக்கிக் கம்பெனிகளே விற்றது தனிக்கதை.

கேட்கப் போகிறவர்கள் முதல் வேலையாக ஷஃபிளை அணையுங்கள். ஆல்பத்தின் புதிய பதிப்புகளில் கடைசியில் கூடுதல் பாட்டுகள் ஒட்டியிருப்பார்கள். 15-வது துண்டோடு நிறுத்திக்கொண்டால் போதும். மொத்தம் 33 நிமிடம் சொச்சம். ஆங்கிலம் எல்லாம் பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை, நெல்சன் சொற்களை விழுங்குகிறவர் அல்ல.

அந்த 15-வது துண்டின் பெயர் 'பாண்டெரா'. பாட்டு இல்லை, வெறும் இசை. டிரிகர் முன்னால் நடக்கிறது, மற்றவை ஒதுங்கி வருகின்றன. போதகரின் கதையில் பாண்டெரா என்று ஓர் ஊரே வராது. அது டெக்சஸில் இருக்கிறது. வீடு எரிந்ததும் நெல்சன் குடும்பத்தோடும் அந்தக் கிட்டாரோடும் போய்த் தங்கிய ஊர்.